படுத்திருப்பவரின் கண்ணில் படும் அறை

நம் ஊர்களில் புதிதாகத் திறக்கும் பல் கிளினிக்குகளில் பணம் முதலில் இறங்குவது வரவேற்பறையில்தான். சோபா, மரப்பலகை ஒட்டிய சுவர், மறைவிளக்கு. பயந்துகொண்டு வருகிறவருக்கு அது கொஞ்சம் தெம்பு தரும்; அதில் தவறில்லை. ஆனால் பயம் உச்சத்துக்குப் போவது சேரில் சாய்ந்த பிறகு. அப்போது கண்ணெதிரே இருப்பது கூரை மட்டுமே.

என் அம்மாவுக்கு வேர்சிகிச்சை நடந்த கிளினிக்கில் சேருக்கு நேர் மேலே எல்.இ.டி. பேனல். டாக்டரின் விளக்கு வாயில் விழ, இது கண்ணில் விழுந்தது. முந்தானையால் கண்ணை மூடியபடியே கிடந்தார். பேனலை இரண்டடி தள்ளிப் பொருத்தியிருந்தால் போதும்.

ஒரே கூடத்தில் இரண்டு மூன்று சேர் போட்டு, நடுவே மார்பளவுக் கண்ணாடி வைக்கும் வழக்கத்துக்கு நியாயம் உண்டு. ஊசி போட்டு மரத்துப்போகும் சில நிமிடங்களில் டாக்டர் அடுத்தவரைப் பார்த்துவிடலாம். ஒரே எக்ஸ்ரே கருவி எல்லாருக்கும் உதவும். வாடகை ஏறிய தெருவில் இது பெரிய அனுகூலம். ஆனால் பல்லைக் குடையும் ஏரோட்டர் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அந்தக் கீச்சொலி, காத்திருக்கும் அடுத்தவரின் பல்லையும் கூசவைக்கும். ஒருவரின் சர்க்கரை அளவு, புகையிலைப் பழக்கம், கட்டப்போகும் தொகை எல்லாம் பக்கத்து சேருக்குக் கேட்கும். தெறிக்கும் நீர்த்துளிகளையும் அந்தக் கண்ணாடி முழுதாகத் தடுக்காது. சேர்களுக்கிடையே கூரைவரை சுவர் எழுப்பி, தலைமாட்டுப் பக்கம் டாக்டர் நடக்க வழி விட்டால் வேகம் பெரிதாகக் குறையாது.

இன்னொரு பிழை, சேரைச் சுவரோடு ஒட்டிப் போடுவது. படுத்தவரின் தலையை மணி 12 என்று கொண்டால், வலக்கை டாக்டர் 9க்கும் 12க்கும் இடையில் உட்காருவார். உதவியாளர் இடம் 2க்கும் 4க்கும் நடுவே. அந்த இடம் சுவருக்குப் போய்விட்டால் உமிழ்நீர்க் குழாயைப் பிடிக்க ஆளிருக்காது. டாக்டரே எல்லாவற்றுக்கும் திரும்பித் திரும்பி இடுப்பு நோகும், வேலையும் நீளும்.

என்னை மிகவும் உறுத்துவது கருவி கழுவும் இடம். பயன்படுத்திய கருவி ஒரு முனையில் நுழைந்து, கழுவி, உறையிட்டு, 121 டிகிரி ஆட்டோகிளேவில் வெந்து, மறுமுனையில் சுத்தமாக வெளிவர வேண்டும். அழுக்கும் சுத்தமும் குறுக்கிடவே கூடாது. பல இடங்களில் இது கழிவறைக்குப் பக்கத்தில் ஒற்றை சிங்க்கோடு முடிந்துவிடுகிறது. நீளமான மேடை போட இடமில்லை என்கிறார்கள். வரவேற்பறையில் ஒரு சோபாவை எடுத்தால் இடம் கிடைக்கும்.