பிள்ளைப் பருவ நினைவும் பெரியோர் கடமையும்

முதுமை எய்தியவர்கள் தமது இளம்பருவத்தை நினைத்துப் பேசுவது உலக இயல்பு. அதில் குற்றங் காண்பார் ஒருவருமில்லை. ஆனால் அந்நினைவு எழுத்தாகி, அச்சேறிப் பொதுமக்கள் கைக்கு வரும்போது, அது ஒருவருடைய சொந்த இன்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு சமூகத்தின் சாட்சியமாகவும் ஆகிவிடுகிறது. சாட்சியம் என்றால் அதனை விசாரிக்கும் உரிமையும் வாசகர்களுக்கு உண்டு. இந்நாட்டுத் தமிழர்களாகிய நம்மிடையே இவ்வகை எழுத்து எந்நிலையில் இருக்கிறது, எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி நமக்கு ஏன் அவசியமாகிறது? பிற நாட்டு முதியவர் ஒருவர் தம் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்றால், அங்கே குளமிருக்கும், கோவிலிருக்கும், பழைய வீட்டின் சுவராவது நிற்கும். தம் நினைவு சரியா, தவறா என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம். நம்மவர்க்கோ அந்த வசதியில்லை. 1950-களின் தொடக்கத்தில் எபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா நகரமாயிற்று. 1970-களில் சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கிற்று. 1978-ம் ஆண்டில் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலம். லயம் இருந்த இடத்தில் அடுக்குமாடியும், பெரட்டுக்களம் இருந்த இடத்தில் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. பட்டணத்திலும் இதே கதைதான். செங்கற் சூளைகளால் பெயர்பெற்று, ரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாய் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில், பழைய ரயில் தளம் இருந்த இடத்தில் 2001-ம் ஆண்டில் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010-ம் ஆண்டில் அவ்வட்டாரத்திற்கு ‘லிட்டில் இந்தியா’ என்ற அலங்கார வளைவும் வந்து சேர்ந்தது. ஆகவே, முதியவர்களின் நினைவு ஒன்றே இன்று நம் கையிலிருக்கும் பத்திரம். அப்பத்திரத்தில் பிழை புகுந்துவிட்டால், ஒப்பிட்டுத் திருத்துவதற்கு மூலப்பிரதி எங்குமில்லை.

இனி, நம்மவர் நினைவுகள் பெரும்பாலும் எவ்வாறு எழுதப்படுகின்றன என்று பார்ப்போம். தீபாவளி மலர்களிலும், பள்ளிக்கூட ஆண்டு மலர்களிலும், மேடைப் பேச்சுகளிலும் இவை அடிக்கடி வருகின்றன. எல்லாவற்றிலும் அதே ஆறு, அதே பால்மரக் காடு, அதே தோட்டத்து மாரியம்மன் திருவிழா, அதே திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய சினிமா! எல்லாம் சொல்லி முடித்தபின், ‘அந்தக் காலத்தில் காசு இல்லை, ஆனால் மகிழ்ச்சி இருந்தது’ என்ற கருத்து தவறாமல் வந்து நிற்கும். இக்கருத்தை நாம் பொய்யென்று கூறவில்லை. பாதி உண்மை என்றுதான் கூறுகிறோம். பாதி உண்மையோ சில சமயங்களில் முழுப் பொய்யைக் காட்டிலும் அதிகக் கெடுதி செய்யக் கூடியது.

ஏனெனில், பிள்ளை கணக்குப் பார்ப்பதில்லை. அதற்கு மகிழ்ச்சி தெரியும். அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுத்தவர் யார் என்பது தெரியாது. 1920-களின் இறுதியில் அரசாங்கம் வகுத்த கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த உலக மந்த காலத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. பொழுது விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, உளியும் வாளியுமாகப் பெரட்டுக்குச் சென்று நின்றவள் தாய். அவள் விட்டுச் சென்ற பிள்ளைக்கு நினைவிருப்பது ஆயாவின் தாலாட்டும், கொட்டகைத் தூளியும். தாலாட்டு இனிமையானதுதான். ஆனால் அப்பிள்ளைக்கு எழுபது வயதான பின்னும் தூளியை மட்டும் எழுதி, தாய் நின்ற பெரட்டுக்களத்தை விட்டுவிட்டால், அது நியாயமாகுமா? விலை கொடுத்தவரின் பெயரைக் கணக்கிலிருந்து அடிப்பதாகத்தானே ஆகும்? பெற்றோருக்கு நன்றி செலுத்துவதாக நினைத்துக் கொண்டே அவர்களுக்கு அநீதி இழைக்கும் எழுத்து இது என்பது நமது அபிப்பிராயம்.

இதற்குக் கிள்ளான் வட்டாரத்திலேயே தகுந்த உதாரணம் ஒன்றுண்டு. 1941-ம் ஆண்டில், ஆர். எச். நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தூண்டுதலால், அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவை அவர்களது கோரிக்கைகளுட் சில. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி தன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வரவழைக்கப்பட்டுத் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

சைக்கிளின் முன்கம்பியில் தந்தையோடு உட்கார்ந்து சென்ற இன்பத்தை எழுதாத நம் முதியவர் அரியர். அக்காலத்துப் பிள்ளை ஒன்று முன்கம்பியில் இருக்கையில், எதிரே துரையின் மோட்டார் வருகிறது. தந்தை பதறி இறங்கிப் பிள்ளையையும் இறக்கி ஓரமாக நிற்கிறார். அப்பிள்ளை என்ன நினைத்திருக்கும்? ஒருவேளை மோட்டாரைக் கண்டு கைகொட்டி மகிழ்ந்திருக்கும். அதை மகிழ்ச்சியாகவே எழுதட்டும். அதுதான் பிள்ளை கண்டது. ஆனால் தந்தை ஏன் இறங்கினார் என்பதையும், அவ்வாறு இறங்க மறுத்துச் சிலர் உயிரையே கொடுத்தனர் என்பதையும் எழுதுகிறவர் அடுத்த வரியிலேனும் சொல்ல வேண்டாமா? பிள்ளையின் கண், பெரியவரின் கணக்கு ஆகிய இரண்டும் சேர்ந்தாலன்றி இளம்பருவ நினைவு இலக்கியமாகாது.

இரண்டும் சேர்ந்தால் எத்தகைய நூல் பிறக்கும் என்பதற்கு ருஷ்ய நாட்டு மாக்ஸிம் கார்க்கி 1913, 1914-ம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘எனது குழந்தைப் பருவம்’ சிறந்த சான்று. பாட்டி சொன்ன கதைகளின் இனிமையும் அதிலுண்டு. பாட்டன் நினைவிழக்கும்படி அடித்த கொடுமையும் உண்டு. இக்கொடுமைகளை எழுதத்தான் வேண்டுமா என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொண்டு, வேண்டும் என்றே முடிவு செய்கிறார். அதே பாட்டன் இளமையில் வால்கா நதியில் படகிழுத்து உழன்ற வரலாற்றையும் கூறுகிறார். அடித்தவனை மன்னிக்கச் சொல்வதற்காக அவர் இதனைக் கூறவில்லை. கொடுமை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிய வேண்டும் என்பதற்காகவே கூறுகிறார். நம் தோட்டங்களில் கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய தந்தையிடம் அடிபட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் எவரேனும் இத்துணை நேர்மையோடு அதை எழுதியதுண்டா?

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை என்று எவரும் கூற முடியாது. உ. வே. சாமிநாதையர் 1940-ம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்து, 1942-ல் அவர் மறைவால் முற்றுப்பெறாது நின்ற ‘என் சரித்திரம்’ நம் முன் இருக்கிறது. பிழைப்பைத் தேடியும் மகனின் படிப்பை முன்னிட்டும் ஊர் ஊராகக் குடிபெயர்ந்த தந்தையின் கஷ்டத்தை அவர் மறைக்கவுமில்லை. அதைக் காட்டி நம்மிடம் கண்ணீர் யாசிக்கவுமில்லை. உதவி செய்தவர் பெயர், ஊரின் பெயர், படித்த நூலின் பெயர் எல்லாவற்றையும் குறித்துச் செல்கிறார். சமூகக் கொள்கையில் அவரோடு உடன்படாதவர்களுங்கூட அந்நூலின் துல்லியத்தைப் பின்பற்றுதல் நலம்.

இந்நாட்டில் எழுந்த நூல்களுள், கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981-ல் வெளிவந்த ‘தி ரிட்டர்ன்’ என்ற நாவலை முதலில் குறிப்பிட வேண்டும். கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்து, பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் அவர். கதை சொல்லும் ரவி, தன் பாட்டி பெரியதாயின் பெருமையை வியந்து கூறுகிறான். தமிழகத்திலிருந்து வந்து, பாத்திரங்களைச் செப்பனிட்டும் சரக்குகளைச் சுமந்து விற்றும் குடும்பத்தை நிலைநிறுத்தியவள் அவள். ஆனால் அவள் உழைத்துப் பண்படுத்திய மண் அவளுக்குச் சொந்தமாகவில்லை. சலவைத் தொழிலாளியான தந்தையையும் அதே மண்ணாசை பற்றி அலைக்கழித்து அழிக்கிறது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் பையனை மேலே தூக்குகிறது. தூக்கிய அளவுக்கு வீட்டினின்றும் விலக்கிவிடுகிறது. அவ்விலகலைச் சிறுவன் பெருமையாகக் காண்கிறான். கதையைச் சொல்லும் பெரியவன் அதனை இழப்பாகக் காண்கிறான். இரு பார்வையும் ஒரே பக்கத்தில் நிற்பதுதான் அந்நூலின் வலிமை.

ஓவியர் லாட் 1979-ம் ஆண்டில் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ சித்திர நூலும் ஈண்டு நினைக்கத் தக்கது. பேராக் மலாய்ச் சிறுவனின் குறும்புகளைக் காட்டி நம்மைச் சிரிக்க வைக்கும் அந்நூலின் முடிவில், ஈயச் சுரங்கம் அந்தக் கிராமத்தையே விழுங்கக்கூடும் என்ற கவலை வந்து நிற்கிறது. சிரிப்பின் நடுவே இக்கவலையை மறக்காமல் வைத்தாரே, அதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

பட்டணத்து நினைவுக்குப் பத்திரிகையாளர் பாலன் மோசஸ் 2007-ல் வெளியிட்ட பிரிக்பீல்ட்ஸ் பற்றிய ஆங்கில நூல் உதாரணமாகும். தாம் வளர்ந்த வட்டாரம் கண்முன் மாறிக்கொண்டிருக்கையில், அதனைப் பதிவு செய்ய ஒருவர் முன்வந்தாரே என்று மகிழ்கிறோம். மணியத்தின் நூலும் இந்நூலும் ஆங்கிலத்தில் அமைந்தமைக்காக நாம் ஆசிரியர்களைக் குறை கூறவில்லை. ஆனால் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளியோடு நின்றவர்கள் இவற்றை எவ்வாறு படிப்பர்? தம் அனுபவத்தை எம்மொழியில் எழுதுவர்?

தமிழில் எழுதியவர்களுள் அ. ரெங்கசாமியை மறத்தலாகாது. 1930-ல் பிறந்து, ஜப்பானியர் ஆட்சியைச் சிறுவராயிருந்து கண்ட அவர், ‘லங்காட் நதிக்கரை’, ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களில் அக்காலத்தை மீட்டிருக்கிறார். 1942, 1943-ம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் திரும்பாதவர்கள் பல்லாயிரவர். அவர்கள் விட்டுச் சென்ற லயத்து வீடுகளில் பிள்ளைகள் இருந்தனர். நினைவென்பது பொழுதுபோக்கன்று, கடன் என்பதை இந்நாவல்கள் நமக்கு உணர்த்துகின்றன.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். ‘பட்ட துன்பமெல்லாம் போதாதா? வயதான காலத்தில் ஒருவர் இனியதை நினைத்து ஆறுதல் அடைவதையும் தடுக்க வேண்டுமா?’ என்று அன்பர்கள் கேட்கலாம். தடுக்க நாம் யார்? வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளிடம் இனியதை மட்டும் சொல்லட்டும். ஆனால் அதையே அச்சிட்டு ‘நம் வரலாறு’ என்று கொடுக்கும்போது, நாளைய பிள்ளை அதனைப் படித்து, ‘தோட்ட வாழ்க்கை அவ்வளவு நன்றாக இருந்ததென்றால், நம் முன்னோர் எதற்காகப் போராடினர்?’ என்று கேட்கும். அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் எழுதியவர்தாம்.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு. சிலர் துன்பத்தைத் தவிர வேறெதையும் எழுத மாட்டார்கள். அவர்கள் படைக்கும் ஏழு வயதுச் சிறுவன் தொழிற்சங்கத் தலைவரைப் போலப் பேசுவான். பக்கத்திற்குப் பக்கம் அழுகை. இதுவும் பொய்தான். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசியையும் அளந்து கொடுத்தார்கள். அவ்வேலிக்குள்ளும் பிள்ளைகள் விளையாடத்தான் செய்தார்கள். விளையாட்டை மறைத்தால் வேலியின் கொடுமையும் விளங்காமல் போய்விடும்.

இவையனைத்தினும் பெரிய குறை ஒன்றுண்டு. நாம் மேலே எடுத்துக்காட்டிய ஆசிரியர் அனைவரும் ஆண்கள். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த வேளையில் வந்து நடத்தியதே பள்ளியாயிற்று. அதற்கும் போக முடியாமல், தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து, அடுப்பு மூட்டி, பின் தாயின் நிரையில் மங்கு துடைக்கச் சென்ற பெண் பிள்ளைகளின் நினைவு எங்கே? அண்ணனின் ‘இனிய இளம்பருவம்’ ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, தங்கை அடுப்படியில் இருந்தாள். அவள் எழுதினால் அதே லயம் வேறொரு லயமாகத் தோன்றும் என்பதில் ஐயமில்லை.

ஆகவே வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுதான். எழுத வல்ல முதியவர்கள் எழுதட்டும். தோட்டத்தின் பெயரையும் அதன் பிரிவையும் ஆண்டையும் குறிக்கட்டும். கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை, பள்ளியில் எத்தனை வகுப்பு, பாதியில் நின்றவர் யார், ஏன் நின்றனர் என்பவற்றைச் சொல்லட்டும். பிள்ளையாகக் கண்டதைப் பிள்ளையின் சொல்லிலும், பின்னால் அறிந்ததைத் தம் சொல்லிலும் கலக்காமல் எழுதட்டும். எழுத அறியாத பாட்டிமார் வீட்டுக்கு வீடு இருக்கின்றனர். படித்த பேரப்பிள்ளைகள் அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். ‘இளமை இனிதாக இருந்ததா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், ‘அந்த இனிமைக்காக உழைத்தவர் யார், பாட்டி?’ என்றும் கேட்கட்டும். சீபீல்டும் எபிங்ஹாமும் இனித் திரும்பி வரப்போவதில்லை. அங்கு உழைத்தவர்களின் பெயராவது ஒழுங்காக எழுதப்படட்டும்.