கண்மாயின் உள்வாய்

கண்மாயின் அழகைப் பார்க்க நான் சித்திரையில்தான் போவேன். தண்ணீர் வற்றி உள்வாய் வெளியே தெரியும்போதுதான் மண் வெட்டியவர்களின் கைத்திறன் புலப்படும்.

காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் நிலம் லேசாகத்தான் சரிகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்குக் கிட்ட ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றியே கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சரிவை மறித்துக் கரையை வில்லாக வளைத்துப் போட்டார்கள். மேல்பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். அதனால் கரையடியில் ஆளை முழுக்கும் தண்ணீர், எதிர்க்கோடியில் கணுக்காலைத்தான் நனைக்கும்.

மீனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கோரை மண்டிய ஓரத்தில் விரால் செடிகளை ஒதுக்கி முட்டையிடும். குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வர, தாயும் தகப்பனும் காவல் நிற்கும். வெயில் ஏறி ஓரம் காய்ந்தால் எல்லா மீனும் மடைப் பள்ளத்துக்கு இறங்கிவிடும். அலை அரிக்காமலிருக்க உள்கரையில் பதித்த அலைகற்களின் இடுக்கில் பொடிமீன் ஒளியும். வரத்துக்காலில் புதுத்தண்ணீர் வந்ததும் அயிரை எதிரேறும். அதற்கு மணலடி வேண்டும்.

மலை ஓடையிலும் கணக்கு இதேதான். பாறையில் மோதி நுரைக்கும் இடத்தில் தண்ணீரில் காற்று கலக்கிறது, கூழாங்கல்லுக்கடியில் பூச்சிப்புழு வளர்கிறது. அடுத்து வரும் மடுவில் மீன் இளைப்பாறுகிறது, கோடையையும் அங்கேதான் கழிக்கிறது. ஓடையை நேராக்கிப் பாறையை அகற்றினால் இரண்டும் போய்விடும். மலையில் வெள்ளம் செதுக்கித் தந்த மேடுபள்ளத்தை இங்கே மண்வெட்டி தந்திருக்கிறது. எனக்கு இந்த வேலைமேல் தீராத மதிப்பு அதனால்தான்.

இப்போது இயந்திரத்தை இறக்கி, ஓரம் நடு என்று பாராமல் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, பக்கங்களைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். கொள்ளளவு கூடலாம். விரால் முட்டையிடும் ஓரம் போய்விடுகிறது. தூர் வார வேண்டியதுதான். மேல்பக்கச் சரிவை மட்டும் தொடக்கூடாது.

பாசனம் முடிந்தபின் சிவகங்கைச் சீமைக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கரையில் காத்திருக்கும் அக்கம்பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும். வலைக்காரர் பள்ளத்துக்குப் போவார். அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடையான ஊத்தாவைக் கையில் வைத்திருப்பவர் முழங்கால் தண்ணீரைத் தேடுவார். அதைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவி விராலைப் பிடிக்க அந்த ஆழம்தான் வாகு.