ஓர் எண்ணில் ஒரு குழந்தை அடங்குமா?

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக் கொள்ளுங்கள். வெப்பமானி 102 காட்டுகிறது. அந்த எண் பொய்யன்று. காய்ச்சல் இருப்பது உண்மைதான். ஆனால் அது மலேரியாவா, டைபாய்டா, வெறும் சளிக் காய்ச்சலா என்பதை வெப்பமானி சொல்லாது. அதை மட்டும் பார்த்து மருந்து எழுதித் தரும் மருத்துவரிடம் நாம் மறுமுறை போகமாட்டோம். ஆனால் ஒரு குழந்தையைச் சோதித்து, ‘நுண்ணறிவு ஈவு 62’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அப்படியே ஏற்றுக் கொள்கிறோம். அக்குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகலாம், எதைக் கற்கலாம், எதைக் கற்க முடியாது என்பதையெல்லாம் அந்த எண்ணே முடிவு செய்துவிடுகிறது. இது ஏன்?

இக்கேள்வியின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு ஒரு நூல் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியல் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் ஜே கூல்ட் எழுதிய ‘தி மிஸ்மெஷர் ஆஃப் மேன்’ என்பது அது. ‘மனிதனைத் தவறாக அளத்தல்’ எனத் தமிழில் சொல்லலாம். 1981இல் வெளிவந்தது, 1996இல் விரிவாக்கப்பட்டது. ஆசிரியர் 2002இல் காலமானார். நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அதன் சிறப்பையும், அது சொல்லாமல் விட்டதையும் இங்கே காண்போம்.

பினே கண்டதும் பிறர் கொண்டதும்

நூலின் சிறந்த பகுதி, நுண்ணறிவுச் சோதனை பிறந்த கதை. 1904இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் ஒரு குழுவை அமைத்தார். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளுள் தனிக் கவனம் யாருக்குத் தேவை என்று கண்டறிய வேண்டும். இதற்காக ஆல்பிரெட் பினே, தம் துணைவர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 சிறு சோதனைகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். 1908இல் அதை வயதுவாரியாக வகுத்தார். இதிலிருந்தே ‘மனவயது’ என்னும் கருத்து பரவியது. 1912இல் ஜெர்மானியரான ஸ்டெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். அதனை 100ஆல் பெருக்குவது பின்னர் வழக்கமாயிற்று. பத்து வயதுக் குழந்தையின் மனவயது 7 என்றால் ஈவு 70.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. தம் அளவுகோல் உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டறியத்தான், குழந்தையின் மேல் நிலையான முத்திரை குத்த அன்று, என்று பினே வற்புறுத்தினார். பயிற்சியால் அறிவுத்திறன் வளரும் என்பது அவர் கொள்கை. 1911இல் அவர் மறைந்தார். கருவி கடல் கடந்தது. எச்சரிக்கை கடலில் விழுந்தது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லாந்து பயிற்சிப் பள்ளியின் ஆய்வுத் தலைவர் ஹென்றி கோடார்டு இச்சோதனையை மொழிபெயர்த்தார். அதில் வரும் எண், பிறப்பிலேயே அமைந்த மாறாத பொருள் ஒன்றின் அளவு என அவர் நம்பினார். 1917-18இல் அமெரிக்க இராணுவத்தில் சுமார் 17½ இலட்சம் பேருக்குக் கூட்டம் கூட்டமாகச் சோதனை நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குப் படச் சோதனை. ஒரு படத்தில் டென்னிஸ் ஆடுகளம் இருக்கும், வலை இராது. இல்லாததை வரைந்து காட்ட வேண்டும். டென்னிஸையே கண்டிராத ஏழைக் குடியேறி என்ன செய்வான்? நம் ஊர்ப் பிள்ளையிடம் பம்பரத்தின் படத்தைக் காட்டுங்கள். சாட்டைக் கயிறு எங்கே என்று உடனே கேட்பான். பம்பரம் விட்டறியாத பாஸ்டன் பேராசிரியர் திகைத்து நிற்பார். இதனால் பேராசிரியர் அறிவிலி ஆகிவிடுவாரா?

கூல்ட் இதைச் செய்தும் பார்த்தார். இதே படச் சோதனையைத் தம் ஹார்வர்டு மாணவர் 53 பேருக்குக் கொடுத்தார். அவர்களுள் 6 பேருக்கு ‘சி’ என்னும் நடுத்தரமே கிடைத்தது!

ஓர் எண்ணின் விலை

இத்தகைய மதிப்பீட்டின் விலை என்ன? வர்ஜீனியா மாநிலத்துக் காரி பக் என்னும் இளம்பெண்ணின் மனவயது 9 என்றும், அவள் தாயின் மனவயது 8க்கும் குறைவு என்றும் சோதித்தவர்கள் கூறினர். காரிக்கு விவியன் என்னும் கைக்குழந்தை இருந்தது. ஏழு மாதக் குழந்தையைப் பார்த்த சமூக ஊழியர், அது இயல்பாக இல்லை போலத் தோன்றியதாகச் சாட்சி சொன்னார். மூன்று தலைமுறையும் அறிவு குன்றியது என ஏற்று, காரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறே செய்யப்பட்டது. பின்னாளில் கூல்ட் விவியனின் பள்ளிப் பதிவுகளைத் தேடி ஒரு கட்டுரை எழுதினார். அவள் சராசரி மாணவி. 1931இல் ஒருமுறை சிறந்த மாணவர் பட்டியலிலும் இடம் பெற்றவள். மறு ஆண்டு, எட்டு வயதில் நோயால் இறந்தாள்.

நூலின் குறைகள்

நல்ல நூலையும் அளந்து பார்ப்பதே அறிவியல். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் மார்ட்டன், மண்டையோடுகளை அளந்தபோது தம்மையறியாமல் தவறு செய்தார் என்பது கூல்டின் புகழ்பெற்ற குற்றச்சாட்டு. அதே மண்டையோடுகளில் ஏறத்தாழப் பாதியை மீண்டும் அளந்தவர்கள், மார்ட்டனின் அளவுகள் பெரும்பாலும் சரியே என 2011இல் வெளியிட்டனர். அதன்பின் கூல்டை ஆதரித்தும் எழுதினர், விவாதம் ஓயவில்லை. பிறருடைய சார்பைத் தேடிச் சென்றவரையும் சார்பு விடாது என்பது மாணவர்களுக்கு இதில் பாடம்.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு. இந்நூலை மூடி வைக்கும் வாசகர், சோதனைகளே தீயவை என்று எண்ணிவிடக்கூடும். உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தையின் தாய்க்கு அந்த முடிவால் பயனில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆனால் இட ஒதுக்கீடு போன்ற உரிமைகளுக்கு 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு எனச் சான்று வேண்டும். தவறாகக் குறைத்து மதிப்பிட்டால் பள்ளிக் கதவு மூடும். தவறாக உயர்த்தி மதிப்பிட்டால் உதவிக் கதவு மூடும். ஆகவே அளக்காதே என்பது விடையாகாது. சரியாக அளந்து சொல் என்பதே விடை.

விந்தை என்னவெனில், அதற்கு வழிகாட்டியதும் அதே வைன்லாந்து பள்ளிதான். கோடார்டுக்குப் பின் அங்குப் பணியாற்றிய எட்கர் டால், 1935இல் சமூக முதிர்ச்சி அளவுகோலை வெளியிட்டார். குழந்தை தானே உண்ணுமா, உடுத்துமா, கடைக்குப் போய்வருமா என்று, அதை நன்கறிந்தவரிடம் கேட்டறியும் முறை அது. மாலின் என்பவர் இதனை இந்தியாவுக்கு ஏற்பத் திருத்தினார். கூல்டின் கதை இத்திசையில் செல்லவில்லை.

சரியான மதிப்பீடு எது?

அறிவுசார் குறைபாடு என்று சொல்ல இன்று மூன்று செய்திகள் தேவை. நுண்ணறிவுச் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் குறைவு தெரிய வேண்டும். இவை வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, குறைபாட்டின் கடுமையை ஈவைக் கொண்டு பிரிப்பதைக் கைவிட்டு, வாழ்க்கைத் திறன்களைக் கொண்டே பிரிக்கிறது.

எந்த அளவிலும் பிழை வரம்பு உண்டு. நல்ல சோதனையிலும் அது ஏறக்குறைய 5 புள்ளி. 67 என்றால் 62 முதல் 72 வரை எனப் படிக்க வேண்டும். புளோரிடா மாநிலத்தில் மரண தண்டனைக் கைதி ஒருவர் 71 பெற்றதால், 70க்கு மேல் என்று கூறி அவரது குறைபாட்டை ஏற்க மறுத்தனர். இப்பிழை வரம்பைப் புறக்கணிப்பது தவறு என 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஒரு புள்ளியில் ஓர் உயிர்!

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு குழந்தைக்கு மதிப்பீடு தேவையானால், பின்வருவனவற்றைத் தயங்காமல் கேளுங்கள்:

சோதனைக்குமுன் காதும் கண்ணும் பரிசோதிக்கப்பட்டனவா? காது சரியாகக் கேளாத குழந்தை, கேள்விக்கு விடை தெரியாத குழந்தை போலவே தோன்றும். தைராய்டு குறைவும் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும்.

குழந்தை வீட்டில் பேசும் மொழியில் சோதித்தார்களா? பேசாத குழந்தைக்குப் பேச்சில்லாச் சோதனை தரப்பட்டதா? ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு வெக்ஸ்லர் சோதனையையும் ராவன் உருவச் சோதனையையும் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. ராவன் சோதனையில் அவர்கள் வெகுவாக உயர்ந்து நின்றனர். குழந்தைகள் அவர்களேதான்; கருவிதான் வேறு.

சோதனை எந்த ஆண்டில், எந்த நாட்டுக் குழந்தைகளைக் கொண்டு தரப்படுத்தப்பட்டது? பழைய சோதனைகள் ஈவை உயர்த்திக் காட்டும் என்பதை 1984இல் ஜேம்ஸ் ஃபிளின் எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் இது பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விவரம் கேட்டார்களா? பசி, தூக்கம், அச்சம் இவற்றால் குழந்தை அன்று சோர்ந்திருந்ததா? எப்போது மறுபடி சோதிப்பார்கள்?

இறுதியாக, அறிக்கையில் எண்ணைத் தவிர வேறு என்ன இருக்கிறது? குழந்தைக்கு எது எளிது, எது கடினம், நாளை முதல் வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்யலாம் என்பது எழுதப்படவில்லையெனில் மதிப்பீடு பாதியில் நிற்கிறது என்று பொருள். மீதியைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கென 2005இல் ஏற்பட்ட தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் உளவியலார், மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகிய பலரும் ஒரே குழந்தையைப் பார்ப்பது இதற்காகத்தான்.

கூல்டின் நூலை அவசியம் படியுங்கள். புள்ளியியல் பேசும் ஓர் அத்தியாயம் கடினம். இருமுறை படித்தால் விளங்கும். எண்ணைக் கண்டு அஞ்சாதிருக்க அது கற்றுத் தரும். எண்ணுக்குப் பின்னால் நிற்கும் குழந்தையைப் பார்க்க நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.