சேப்பாக்கத்தில் ராபர்ட்ஸின் இரண்டு பவுன்சர்கள்

1975 பொங்கல் டெஸ்ட் என்றாலே சென்னைக்காரர்கள் விஸ்வநாத்தின் 97 நாட் அவுட்டைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் அந்த 97-க்கு அவ்வளவு மவுசு வந்ததே வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸால்தான். முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 7 விக்கெட், இரண்டாவதில் 57 ரன்னுக்கு 5. வயது 24 நிறையவில்லை. ஆடியது ஐந்தாவது டெஸ்ட்.

இப்போது ஒவ்வொரு பந்துக்கும் டிவியில் வேகம் காட்டுகிறார்கள். 145 என்றால் ஆகா, 132 என்றால் உச்சுக்கொட்டல். அந்தக் கணக்கில் பார்த்தால் ராபர்ட்ஸின் பாதி வித்தை தெரியாமலே போய்விடும். அவரிடம் பவுன்சரே இரண்டு ரகம். முதலாவது கொஞ்சம் மந்தமாக எழும்பும். பேட்ஸ்மேன் ஹூக் செய்து நாலு ரன்கூட எடுத்துவிடுவார். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அடுத்தது அதே ஓட்டம், அதே கை. ஆனால் பந்து ஒரு படி வேகமாக வரும். மட்டை பாதி சுற்றுவதற்குள் தாடைக்கு வந்துவிடும். 1974-ல் பேசிங்ஸ்டோக் மைதானத்தில் கவுட்ரி போன்ற பழுத்த ஆட்டக்காரரே ராபர்ட்ஸின் பவுன்சரில் முகத்தில் அடி வாங்கினார். அந்த சீசனில் ஹாம்ப்ஷயருக்காக ராபர்ட்ஸ் எடுத்தது 119 விக்கெட்! ஹெல்மெட் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு வந்தது 1978-ல்தான். ஓவருக்கு இத்தனை பவுன்சர்தான் என்ற கட்டுப்பாடும் அன்று கிடையாது.

முறைப்பது, திட்டுவது எதுவும் அவரிடம் இல்லை. அடிபட்டவரைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார், திரும்பி நடந்துவிடுவார். அடுத்த பந்து எது என்பதை அந்த முகத்தில் தேடிப் பயனில்லை.

சென்னையில் முதல் இன்னிங்ஸில், காயத்தால் கவாஸ்கர் இல்லாத இந்தியா 76 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்தது. விஸ்வநாத் தப்பியது எப்படி? அவருடைய பிழைப்பு ஹூக்கில் இல்லை, கட் ஷாட்டில் இருந்தது. பின்காலில் நின்று, பந்து உடம்பைத் தாண்டப்போகிற கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்புகிறவர். முந்திக்கொண்டு மட்டையை வீசுகிறவரைத்தான் வேக மாற்றம் ஏமாற்றும். காத்திருந்து ஆடுகிறவரிடம் அந்த வலை அவ்வளவாகப் பலிக்காது. பேடியுடன் சேர்ந்து 52 ரன். கடைசி விக்கெட்டுக்கு சந்திரசேகருடன் 21. சந்திராவின் பேட்டிங் எப்படி என்பது ஊருக்கே தெரியும் என்பதால், இந்த 21-ஐ அரைசதமாகவே எண்ணலாம். சந்திரா அவுட்டானபோது ஸ்கோர் 190.

ராபர்ட்ஸின் உழைப்பு வீணானது இதற்குப் பிறகுதான். பிரசன்னா 5 விக்கெட் சாய்க்க, வெஸ்ட் இண்டீஸ் 192-க்குச் சுருண்டது. இரண்டே ரன் முன்னிலை! ராபர்ட்ஸ் மறுபடி 5 விக்கெட் எடுத்தார்; ஆனால் கெய்க்வாட் 80 அடிக்க, இந்தியா 256-ஐ எட்டியது. 255 இலக்கைத் துரத்திய வெஸ்ட் இண்டீஸ் 154-ல் முடிந்தது. 12 விக்கெட் எடுத்தவரின் அணிக்கு 100 ரன் தோல்வி.

சேப்பாக்கத்தின் சிறந்த வேகப்பந்துவீச்சு எது என்று பேச்சு வந்தால், 1985-ல் இங்கிலாந்தின் நீல் ஃபாஸ்டர் எடுத்த 11 விக்கெட்டைச் சிலர் முன்வைப்பார்கள். நல்ல பந்துவீச்சுதான். ஆனால் ஃபவுலரும் கேட்டிங்கும் ஆளுக்கொரு இரட்டைச் சதம் அடித்து, அணி 652 குவித்தது; இரண்டாவது இன்னிங்ஸில் அந்த மெத்தையில் சாய்ந்துகொண்டு வீசினார் ஃபாஸ்டர். ராபர்ட்ஸுக்கு அந்தச் சொகுசு இல்லை. என் ஓட்டு ராபர்ட்ஸுக்கே.

சென்னை டெஸ்ட் நடந்த அந்தத் தொடரில் ராபர்ட்ஸ் மொத்தம் 32 விக்கெட் எடுத்தார். பம்பாயில் கடைசி டெஸ்டை வென்று வெஸ்ட் இண்டீஸ் 3-2 என்று தொடரையும் கைப்பற்றியது. ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட் மூவரும் இன்னும் டெஸ்ட் அணிக்கே வராத காலம் அது. அவர்களில் ஒருவர் சென்னையில் மறுமுனையில் இருந்திருந்தால், அந்த 256-ல் நூறு ரன்னாவது குறைந்திருக்கும்.