கிண்டிக் காடும் உக்கிராணக் கணக்கும்

பொது நிலங்களிலுள்ள இயற்கைச் செல்வங்களையும் பண்பாட்டுச் செல்வங்களையும் பல நிறுவனங்கள் ஒன்றுகூடி ஆராய்ந்து பேணவேண்டும் என்னும் கருத்து இன்று எங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாயிருக்கிறது. அதை மறுப்பாரை நாம் காணோம். எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்துக்கு நேரும் ஆபத்து ஒன்றுண்டு. அது நடைமுறையில் என்னவாயிற்று என்று கேட்பாரில்லாமற் போய்விடும். ஆகவே இக்கட்டுரையில் அக்கருத்தைப் பொதுப்பட ஆராயாமல், சென்னை மாநகரின் நடுவே கிண்டியிலுள்ள ஒரு துண்டு நிலத்தின்மீது வைத்துப் பார்க்க முற்படுகிறோம். குருமார்க்கும் இறையியல் மாணவர்க்கும் காட்டு நிர்வாகத்தோடு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். உறவு உண்டென்பது போகப்போக விளங்கும்.

கிண்டிக் காட்டின் வரலாறு சுருக்கமானது. ஒரு தனியார் சொத்தாயிருந்த கிண்டி லாட்ஜ் மாளிகையையும் நிலத்தையும் 1821ஆம் ஆண்டில் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. தாமஸ் மன்றோ ஆளுநராயிருந்த காலம் அது. ஆளுநர்களின் ஓய்விடமாகவும் வேட்டைக் களமாகவும் விளங்கிய இந்நிலம் 1910இல் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 505 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்தது. பின்னர் காந்தி மண்டபத்துக்கு ஒரு பகுதி, இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும்பகுதி, இராஜாஜி, காமராசர் நினைவகங்களுக்குச் சில பகுதிகள் என்று பிரிந்துபோயின. எஞ்சிய காடு 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று அதன் பரப்பு 270.57 ஹெக்டேர். 1980களின் பிற்பகுதியில் பூங்காவுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் தொழில்நுட்பக் கழக வளாகத்துக்கும் இடையே சுவர்கள் எழுந்தன. ஒரே காடு மூன்று நிர்வாகங்களுக்கு உட்பட்ட மூன்று நிலங்களாயிற்று. மான்களுக்கு இச்செய்தி யாரும் அறிவிக்கவில்லை.

இக்காட்டைக் குறித்து இதுவரை எழுந்துள்ள ஆய்வுகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 350க்கும் மேற்பட்ட தாவர வகைகளும், 130க்கும் மேற்பட்ட பறவை வகைகளும், 14 பாலூட்டி வகைகளும் இங்கு உண்டென்று பட்டியலிட்டிருக்கிறார்கள். 1978இல் தோன்றிய சென்னை இயற்கையாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் ஊதியம் எதிர்பாராமல் விடியற்காலையில் நடந்து எழுதிவைத்த குறிப்புகள் தம்மளவில் மதிப்பு வாய்ந்தவை. எண்ணுதல் சிறிய வேலையன்று. ஆனால் இப்பட்டியல்களை ஒருசேர வைத்துப் படிப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். இவற்றில் நிலம் உண்டு, மரம் உண்டு, மான் உண்டு, மனிதர் இல்லை. இருந்தால் கவர்னராகவும் அதிகாரியாகவும், அல்லது குப்பை போடும் பார்வையாளராகவுமே இருக்கிறார்கள்.

இஃது உணர்ச்சியால் எழுந்த குறையென்று எண்ணவேண்டா. அறிவியல் முறைப்படியே இதனால் விளையும் இடர்ப்பாட்டை ஒரு சான்றால் காட்டலாம். கிண்டியின் பெருமைக்குரிய விலங்கு வெளிமான். அதன் பெயரே அதன் வாழிடத்தைச் சொல்லிவிடுகிறது: மறைவில்லாத வெளியில், புல் நிறைந்த திறந்த நிலத்தில் வாழும் மான் அது. புள்ளிமானோ புதர்க்காட்டிலும் தழைத்துப் பெருகும். கிண்டியில் புள்ளிமான் பெருகியதும் வெளிமான் குன்றியதும் பலரும் கண்ட செய்தி. திறந்த புல்வெளிகளை வேலிகாத்தான் முதலிய அயல் மரங்களும் புதர்களும் மூடிக்கொண்டதே இதற்கு முக்கியக் காரணமென்பர். எனவே புதர்களை நீக்கிப் புல்வெளியை மீட்கவேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. கிண்டி கடற்கரைச் சமவெளியின் உலர் பசுமைமாறாக் காட்டினுடைய கடைசி எச்சங்களுள் ஒன்றாதலால் மரங்களைத் தொடாமல் அடர விடவேண்டும் என்பது மற்றொரு சாரார் கருத்து. இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் ஒருங்கே நிறைவேற்ற இயலாது.

இவ்வழக்கைத் தீர்க்கும் கேள்வி, இந்நிலம் முன்பு என்னவாயிருந்தது என்பதே. அதற்கு விலங்கியலார் மட்டும் விடையளிக்க முடியாது. வெளிமான்கள் மிகுதியாகக் கூடும் புல்வெளிக்கு இன்றும் போலோ மைதானம் என்று பெயர். அதாவது, ஆளுநர்களின் குதிரை விளையாட்டுக்காகத் திறந்துவைக்கப்பட்ட நிலமே மானின் இயற்கைப் புகலிடமாக இன்று பேசப்படுகிறது. பூங்காவினுள் இருக்கும் நீர்நிலைகளுள் இரண்டு, காத்தான் கொல்லை, அப்பாலன் குளம் என வழங்குகின்றன. கொல்லை என்பது காட்டைக் குறிக்கும் பெயரன்று. வானம் பார்த்த புன்செய் நிலத்தைக் குறிப்பது. காத்தான் என்பவன் உழுது பயிரிட்ட ஒருவனா, ஊரெல்லையில் நின்ற காவல் தெய்வமா? ஒரு பெயரை மட்டும் கொண்டு வரலாறு எழுதுதல் தகாது என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரு கேள்வியை எழுப்ப ஒரு பெயர் போதும். இன்று கன்னிக் காடு என்று போற்றப்படும் இடத்தில் ஒருகால் கலப்பை நடந்ததா, ஆடுமாடுகள் மேய்ந்தனவா, அந்த மேய்ச்சலே புல்வெளியைக் காத்துவந்ததா? நில அளவைப் படங்களையும், வருவாய்த்துறைப் பதிவேடுகளையும், சுற்றுவட்டாரத்து முதியோர் வாய்மொழியையும் தாவரவியலார் குறிப்பேட்டோடு சேர்த்துப் படித்தாலன்றி இதற்கு விடை கிடைக்காது. இயற்கைச் செல்வம், பண்பாட்டுச் செல்வம் என்று இரண்டு பெட்டிகளாக வகுத்து, முன்னதை வனத்துறைக்கும் பின்னதைத் தொல்பொருள் துறைக்கும் ஒப்படைக்கும் வழக்கம் இங்கே முற்றிலும் தோற்றுப்போகிறது.

பண்பாடு என்றவுடன் கிண்டியில் நினைவுக்கு வருபவை நினைவு மண்டபங்கள். அவற்றுக்குரிய மரியாதையை நாம் மறுக்கவில்லை. எனினும் தொழில்நுட்பக் கழக வளாகத்தினுள் பீலியம்மன் கோயிலும் ஜலகண்டேசுவரர் கோயிலும் இன்றும் வழிபாட்டில் உள்ளன என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? கோயில் இருந்த இடத்தில் ஊர் இருந்தது. ஊர் போயிற்று, கோயில் நின்றது. போன ஊரின் மக்கள் இக்காட்டிலிருந்து எதை எடுத்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது பண்பாட்டு வரலாறு மட்டுமன்று. காட்டின் வரலாறும் அதுவே.

பிற நாட்டார் இதில் நம்மினும் முன்னேறியிருக்கிறார்களா என்று கேட்பது இயல்பு. அமெரிக்காவில் 1999 முதல் கூட்டுறவுச் சூழலமைப்பு ஆய்வுப் பிரிவுகள் என்னும் ஏற்பாடு நடந்துவருகிறது. நாடு முழுவதையும் தழுவும் 17 பிரிவுகளில் நடுவண் அரசின் நிலத்துறைகளும் பல்கலைக்கழகங்களும் இணைந்து, இயற்கை, பண்பாடு ஆகிய இரண்டையும் ஒரே திட்டத்தில் ஆராய்கின்றன. ஒவ்வொரு திட்டத்திலும் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் நிர்வாகச் செலவு 17.5 விழுக்காடு என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டார்கள். துறைகளுக்கிடையே எழும் பூசல்களில் பாதி பணப்பூசல் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் போலும். இவ்வேற்பாட்டை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அங்கும் முதன்மையான பங்காளிகள் நிறுவனங்களே. நிறுவனங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதையே கூட்டுறவு என்று கொள்வோமானால், நிறுவனமில்லாத மனிதன் வெளியே நிற்பான்.

அம்மனிதனுக்கு ஒரு முகம் உண்டு. கிண்டிப் பூங்காவை ஒட்டி 1972இல் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணை, இருளர்களின் அறிவைத் துணைக்கொண்டு எழுந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடைசெய்யப்பட்டதும் பிழைப்பிழந்த அம்மக்கள், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, நஞ்சுமுறி மருந்து செய்வோருக்கு அளிக்கத் தொடங்கினார்கள். 2017ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அங்குள்ள பொது நிலங்களில் பெருகி நாட்டு விலங்குகளை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்காக, மாநில வனவிலங்கு ஆணையமும் புளோரிடா பல்கலைக்கழகமும் அவர்களை வரவழைத்தன. இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளிப்படிப்பால் வாராத அறிவை ஒரு பல்கலைக்கழகம் கடல் கடந்து தேடி வந்தது நமக்குப் பெருமையே. ஆனால் அவர்கள் பிறந்த மண்ணில் எழுதப்படும் ஆய்வுகளில் இருளர் எவ்விடத்தில் நிற்கிறார்கள்? வழிகாட்டியாக, பிடித்துக் கொடுப்பவராக, அதிகம் போனால் நன்றியுரையில் ஒரு வரியாக. எதை ஆராயவேண்டும் என்னும் கேள்வியை வகுக்கும் இடத்தில் அவர்கள் அமர்வது அரிது. கூட்டு ஆய்வு என்னும் சொல்லின் மெய்ம்மையை அளக்கும் கோல் இதுவென்றே நாம் கருதுகிறோம்: உழைப்பில் பங்கு கொடுப்பது எளிது, கேள்வியில் பங்கு கொடுப்பதே அரிது.

அது நடவாததன்று என்பதற்கு மதுரைக்கருகே அரிட்டாபட்டி சான்று. அங்கே குன்றுகளும் சுனைகளும் வல்லூறுகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் ஒரே பாறையைப் பற்றி நிற்கின்றன. பறவை நோக்குவோரும் கல்வெட்டறிஞரும் ஊராரும் கூடித் திரட்டிய செய்திகளின் வலிமையால் அது 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது ஊரே எழுந்து நின்றது. 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. தன் ஊரைக் குறித்த ஆய்வில் தனக்கும் பங்கு உண்டென்று அறிந்த மக்கள், அதைக் காக்கவும் அறிந்திருந்தார்கள். கிண்டிக்கு அத்தகைய ஊர் இன்று இல்லை. சட்டப்படி தேசியப் பூங்காவினுள் மக்களுக்கு உரிமை ஏதுமில்லை. சுவருக்கு வெளியே இருப்போரோ நுழைவுச் சீட்டு வாங்குவோர்.

இனி நம்மிடம் வருவோம். இயற்கையைக் குறித்துப் பேசும்போதெல்லாம் நம் பிரசங்க பீடங்களில் உக்கிராணத்துவம் என்னும் சொல் எழுகிறது. நல்ல சொல்தான். ஆனால் லூக்கா 16ஆம் அதிகாரத்து உக்கிராணக்காரனிடம் முதலாவது கேட்கப்பட்டது கணக்கு என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். பொறுப்பு என்னும் பகுதியை ஏற்று, கணக்கொப்புவித்தல் என்னும் பகுதியை விட்டுவிட்டால், உக்கிராணத்துவம் உடைமையாளரின் மென்மையான மறுபெயராகிவிடும். பொது நிலத்தில் ஆய்வு என்பது அந்நிலத்தை வைத்திருப்போர் மக்களுக்குக் காட்டும் கணக்கேடேயாகும். அக்கணக்கு மக்கள் படிக்க இயலாத மொழியில், மக்கள் புகமுடியாத நூலகத்தில் கிடக்குமாயின், ஒப்புவிக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது. ஜூன் மாதத்தில் சுற்றுச்சூழல் ஞாயிறு அனுசரித்து, ஒரு மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் திருச்சபைகள், தம் வளாகங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்கு ஒரு பட்டியலேனும் வைத்திருக்கின்றனவா?

நம் மரபில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது பெற்றது சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி. வேதியியல் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் தாவரங்களைத் தேடி நடந்தார். அவர் பெயரைத் தாங்கிய தாவர இனங்கள் உண்டு. அவர் துணைவியார் ஆலிஸ் அவ்வளாகத்தில் மரங்களை நட்டார். பிற்காலத்தில் அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராயிருந்த கிஃப்ட் சிரோமணி, தாம்பரத்துப் பறவைகளையும் நோக்கினார், பழந்தமிழ் எழுத்துகளையும் ஆராய்ந்தார், மாமல்லபுரத்துச் சிற்பங்களின் அணிகலன்களையும் ஆராய்ந்தார், வாசலில் பெண்கள் இடும் கோலத்தின் கணிதத்தையும் ஆராய்ந்தார். இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் இடையே அவருக்குச் சுவர் இருந்ததாகத் தெரியவில்லை. கோலமிடும் பெண்ணிடம் கணிதம் உண்டென்று கண்டது அவர் ஆய்வின் தலையாய சிறப்பென்போம்.

கிண்டியில் இப்பொழுது இக்கேள்வி மீண்டும் திறந்திருக்கிறது. பந்தய மைதானமாகப் பல்லாண்டு இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை, 1945ஆம் ஆண்டுக் குத்தகையின்படி ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணாவுக்கு ஒரு சங்கம் அனுபவித்துவந்தது. 2024 செப்டம்பரில் அரசு அக்குத்தகையை ரத்துசெய்து நிலத்தை மீட்டுக்கொண்டது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் சென்றது. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கும் பொறுப்பைத் தோட்டக்கலைத் துறைக்கு அளித்தார்கள். வேளச்சேரித் தாழ்நிலத்தை வெள்ளத்திலிருந்து காக்க நீர்நிலை வேண்டுமென்னும் கோரிக்கையும் எழுந்து, குளங்கள் வெட்டப்பட்டன. பூங்காவா, ஏரியா, இரண்டுமா என்று துறைகள் வழக்காடின. காட்டின் அருகே இவ்வளவு பெரிய பொது நிலம் இனியொருமுறை கிடைக்கப்போவதில்லை. ஆயினும் அங்கே முன்பு எந்த ஓடை ஓடிற்று, மழைநீர் எவ்வழியே வடிந்தது, எவ்விடம் கொல்லையாயிருந்தது என்று கேட்கும் குரல் இவ்வழக்கில் மெலிந்தே ஒலிக்கிறது.

நம் இறையியல் கல்லூரிகளில் களப்பணி என்னும் பாடம் உண்டு. சைதாப்பேட்டை, வேளச்சேரி, தரமணிச் சபைகளில் பணிபுரியும் மாணவர் சிலர் அச்சபைகளின் முதியோரிடம் சென்று, சுவர் எழுமுன் இந்நிலத்தில் அவர்கள் நடந்த வழிகளையும் குளித்த குளங்களையும் அழைத்த பெயர்களையும் எழுதிக்கொண்டு, அதை இயற்கையாளர் சங்கத்தாரோடும் வனத்துறையினரோடும் ஒப்புநோக்கினால், அது இதுவரை யாரும் செய்யாத கணக்கேடாகும். பந்தயக் குதிரைகளின் லாயங்களில் தலைமுறையாக வேலைசெய்தோரும் அவ்வட்டாரத்தில் உண்டு. முதலில் அவர்களிடம் போகலாம்.