டான்சிங் ரோஸ் விழுந்தது எப்படி?

குத்துச்சண்டையில் முதலில் கவனிக்க வேண்டியது கால்களை. கை எங்கே பாயப்போகிறது என்பதைக் கால் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யை முதன்முறை பார்த்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவையும் கால்கள்தான். ஷபீர் கல்லரக்கல் நடித்த டான்சிங் ரோஸின் கால்கள்.

2021 ஜூலை 22-ல் படம் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. கொரோனா காலம், திரையரங்கு இல்லை, விசில் இல்லை, பக்கத்து இருக்கையிலிருந்து எழும் ஆரவாரம் இல்லை. விளையாட்டுப் படம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய பாதகம் கிடையாது. ஆனாலும் நாயகன் கபிலனும் ரோஸும் மோதத் தொடங்கியதும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பேச்சு நின்றது. நாயகன் ஜெயிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி ஜெயிப்பான் என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. விளையாட்டுப் படத்தின் உயிர் அந்த 'எப்படி'யில் இருக்கிறது என்பது என் கட்சி.

கதைக்களம் எழுபதுகளின் வடசென்னை. சார்பட்டா, இடியப்பன் என இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள். சார்பட்டாவின் மானம் காக்க இடியப்பன் பரம்பரையின் வேம்புலியை வீழ்த்தியாக வேண்டும். அதற்கு ரங்கன் வாத்தியார் நம்பும் ஆள், துறைமுகத்தில் கூலி வேலை பார்க்கும் கபிலன். ஆனால் வேம்புலிக்கு முன்னால் வழிமறித்து நிற்கிறான் ரோஸ்.

மோதல் தொடங்குகிறது. ரோஸ் கைகளைத் தாழ்த்திக்கொள்கிறான். இடுப்பை வளைக்கிறான், துள்ளுகிறான், எதிராளி குத்த வரும் திசையிலிருந்து நழுவுகிறான். முகத்தை மறைக்காமல் நிற்பது பார்ப்பவருக்குத் திமிராகத் தெரியலாம். உண்மையில் அது தூண்டில். திறந்த முகத்தைக் கண்டதும் எதிராளி எட்டிக் குத்துவான்; எட்டிக் குத்தும்போது அவன் நிலை குலையும்; அந்த நொடியில் ரோஸின் அடி விழும். கபிலன் முதலில் அதில்தான் மாட்டுகிறான். காற்றைக் குத்துகிறான், தான் வாங்கிக்கொள்கிறான்.

பிறகு அவனிடம் ஒரு மாற்றம். ரோஸைத் துரத்துவதை விட்டுவிட்டுக் கவனிக்க ஆரம்பிக்கிறான். எவ்வளவு துள்ளினாலும் ஆட்டத்துக்கு ஒரு தாளம் உண்டு. தாளம் இருந்தால் அடுத்த அடி எங்கே விழும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கபிலன் ரோஸ் நிற்கும் இடத்தில் குத்தவில்லை, வந்து நிற்கப்போகும் இடத்தில் குத்துகிறான். ரோஸ் சாய்கிறான். சோபாவில் இருந்த நாங்களும் அந்தத் தாளத்தைக் கபிலனோடு சேர்ந்தே பிடித்திருந்தோம் என்பதுதான் அந்தக் காட்சியின் சாதனை. ரிங்குக்குள் ஒருவன் சிந்திப்பது வசனம் இல்லாமலேயே எங்களுக்குப் புரிந்தது.

டான்சிங் ரோஸைப் பார்த்ததும் பழைய குத்துச்சண்டை ரசிகர்களுக்கு நசீம் ஹமீது நினைவுக்கு வந்திருப்பார். ஷெஃபீல்டில் வளர்ந்த அந்த ஃபெதர்வெயிட் சாம்பியனும் கைகளைத் தொங்கவிட்டு ஆடியவர்தான். அவர் தொழில்முறையில் தோற்றது ஒரே ஒரு முறை, 2001 ஏப்ரலில் லாஸ் வேகஸில், மெக்சிகோவின் மார்க்கோ அந்தோனியோ பரேராவிடம். பரேரா அன்று தூண்டிலைக் கடிக்கவே இல்லை. பொறுமையாகச் சுற்றி வந்தார், அளந்து குத்தினார், 12 ரவுண்டு முடிவில் புள்ளிகளில் வென்றார். துள்ளும் வீரனுக்கு மருந்து பொறுமை என்பது நிஜ ரிங்கிலேயே நிரூபணமான பாடம். சினிமா ரோஸும் அதே குணத்திடம்தான் தோற்கிறான். அதனால்தான் அந்த வெற்றியை நம்ப முடிகிறது.

இதே நம்பிக்கையை, 'சார்பட்டா'வுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் வந்த 'லகான்' படமும் எனக்குத் தந்தது. 1893-ல் நடக்கும் கதை. கிரிக்கெட் என்றால் என்னவென்றே அறியாத சாம்பானேர் கிராமத்து மக்களுக்குப் படம் முதலில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறது. அவர்களோடு சேர்ந்து பார்வையாளரும் கற்றுக்கொள்கிறார். அந்த ஊர்க்காரர் கச்ராவின் ஊனமுற்ற கையிலிருந்து வரும் பந்து திரும்புவதைப் பயிற்சியிலேயே பார்த்துவிடுகிறோம். ஆகவே ஆட்டத்தில் அவர் விக்கெட் எடுக்கும்போது அது அதிசயமாகத் தெரிவதில்லை. 323 ரன் இலக்கு, மிச்சமிருக்கும் விக்கெட், மிச்சமிருக்கும் பந்து என எல்லாக் கணக்கும் நம் விரல் நுனியில். முதன்முறை பார்த்தபோது நாயகன் புவன் கடைசிப் பந்தை எதிர்கொள்ளும் வரை ஸ்கோர்போர்டு என் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 'சார்பட்டா'வின் இறுதி மோதல் ரோஸ் மோதலைவிட ஒரு படி கீழேதான். அவமானப்பட்டு, சாராயத்தில் விழுந்து, தொப்பை போட்டு, மீண்டும் கடற்கரையில் உடம்பை முறுக்கேற்றிக்கொண்டு கபிலன் திரும்பி வருகிறான். கபிலனாக நடித்த ஆர்யாவின் உடல் மாற்றமே அந்த வீழ்ச்சியையும் எழுச்சியையும் சொல்லிவிடுகிறது. அந்த உழைப்புக்கு என் மரியாதை முழுமையானது. ஆனால் வேம்புலியை வெல்ல அவன் கண்டுபிடித்த வழி என்ன? வேம்புலியின் ஆட்டத்தில் எந்த ஓட்டை? அதைப் படம் நமக்குத் தெளிவாகக் காட்டவில்லை. வாங்கிய அடியெல்லாம் வைராக்கியமாக மாற, கபிலன் ஜெயிக்கிறான். மனசு நிறைந்தது. மூளைக்கு வேலை இல்லை.

முதன்முறை பார்ப்பது நேரலையில் ஆட்டம் பார்ப்பது மாதிரி. அப்புறம் பார்ப்பதெல்லாம் ஹைலைட்ஸ். ரோஸ் மோதலை நான் பிறகும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கால் நகர்வு கண்ணில் படுகிறது, நடிகர்களின் பயிற்சி வியக்க வைக்கிறது. ஆனால் 'இவனை எப்படித் தொடுவது' என்று கபிலனோடு சேர்ந்து திணறிய அந்தச் சில நிமிடங்கள் திரும்பி வரவில்லை. பார்வையாளருக்கு ஒரு படம் அதை ஒரே ஒரு தடவைதான் தர முடியும். அதனால் அந்த ஒரு தடவையை வீணாக்காதிருப்பது இயக்குநரின் கடமை.

அடுத்து விளையாட்டுப் படம் எடுக்கப்போகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். நாயகனின் கண்ணீரைக் காட்டுங்கள், ஊரின் மானத்தைக் காட்டுங்கள், பயிற்சிப் பாட்டும் வையுங்கள். அதோடு எதிராளியின் பலம் என்ன, அதை உடைக்கும் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் எங்கள் கண்ணெதிரே வைத்துவிடுங்கள். நாங்களே தேடிக்கொள்கிறோம். 'சார்பட்டா'வை இன்னும் பார்க்காதவர்களிடம் ஒன்று: துண்டுக் காட்சிகளாக வலம்வரும் ரோஸ் மோதலை முதலில் பார்த்துவிடாதீர்கள். படத்தைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். ரோஸ் ரிங்குக்குள் வரும்போது கபிலனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டுமே உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.