எரிவாயுவும் ஓர் அகராதியும்

சென்ற மாதம் இராசபாளையத்தில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்தோரிடையே பேச்சு கத்தாரின் பக்கம் திரும்பிற்று. தோஹாவில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய அன்பர் ஒருவர், “ஹஜ்ரத், அந்தச் சின்ன நாட்டை உலகமே ஏன் மதிக்கிறது? பூமிக்கடியில் காஸ் இருக்கிறது. அவ்வளவுதான்!” என்றார். மற்றவர்களும் ஆமோதித்தனர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பேருந்தில் அந்த ‘அவ்வளவுதான்’ நம்மை விட்டபாடில்லை. ஏனெனில், அன்று காலைதான் நம் மாணவர் ஒருவர் தோஹாவிலிருந்து வெளியாகும் அரபு அகராதி ஒன்றைத் தம் கைப்பேசியில் திறந்து நம்மிடம் காட்டியிருந்தார்.

யூசுஃப் அத்தியாயத்தைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். கிணற்றில் கிடந்த நபி யூசுஃப் (அலை) அவர்களை எடுத்தோரைக் குறிக்கும் ‘சய்யாரா’ என்ற சொல்லுக்கு வழிப்போக்கர் கூட்டம் என்று பொருள் கூறினோம். மாணவரோ, “வளைகுடாவில் சய்யாரா என்றால் கார் அல்லவா? எப்போது மாறிற்று, ஹஜ்ரத்?” என்று வினவினார். நாம் ‘லிஸானுல் அரப்’ தவிர வேறு துணை அறியாதவர்கள். ஹிஜ்ரி 711 இல் மறைந்த இப்னு மன்ழூர், தமக்கு முந்திய ஐந்து பெருநூல்களை ஒன்றாகத் திரட்டி அதனை ஆக்கினார். ஒரு சொல்லின் பொருளை அது கடலாகக் கொட்டும். எந்தப் பொருள் எந்த ஆண்டில் பிறந்தது என்று மட்டும் கூறாது. மாணவர் திறந்த அகராதியின் வேலையே அதுதான்.

‘தோஹா வரலாற்று அகராதி’ என்ற அப்பணி 2013 மே மாதம் அங்குள்ள அரபு ஆய்வு மையத்தின் கீழ்த் தொடங்கப்பெற்றது. அதன் அறிஞர் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் கத்தாரியர் அல்லர். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரம்ஸி பஅல்பக்கீ. ஒவ்வொரு சொல்லையும் வேரின் கீழ் வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த மிகப் பழைய சான்று, அதைக் கூறியவர், ஆண்டு, நூல் ஆகியவற்றைத் தருவது அதன் முறை. பழங்கல்வெட்டுகள் தொட்டு ஹிஜ்ரி 200 வரையிலான முதற்பகுதி 2018 டிசம்பரில் இணையத்தில் அனைவருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. அடுத்த பகுதி ஹிஜ்ரி 500 வரை, அதன்பின் நம் காலம் வரை எனத் திட்டம் வகுத்தார்கள். ஆக, மாணவர் கேட்ட கார் மூன்றாம் பகுதியில்தான் வரவேண்டும்!

இது புதிய கனவு அன்று. 1932 இல் கெய்ரோவில் மொழிக் கழகம் நிறுவப்பட்டபோதே இதே நோக்கம் இருந்தது. ஆகஸ்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானிய அறிஞர் அதற்கெனச் சான்றுகளைத் திரட்டி, பணி முடியாமலே 1949 இல் காலமானார். கெய்ரோவில் கல்விக்கா பஞ்சம்? நூற்றுக்கணக்கானோரைப் பல்லாண்டுகள் சம்பளம் கொடுத்து அமர்த்தும் பொருள்தான் இல்லை. அகராதிக்குப் பின்னால் ஒரு பணப்பெட்டி இருப்பது வழக்கமே. ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் 1842 இல் கெய்ரோவுக்குச் சென்று தம் அரபு-ஆங்கில அகராதியைத் தொடங்கியபோது செலவை ஏற்றவர் பின்னாளில் நார்தம்பர்லாந்து கோமகனான பிரபு ஒருவர். அக்குடும்பத்தின் செல்வத்தில் நிலக்கரிச் சுரங்கங்களின் வருவாயும் உண்டு. அன்று நிலக்கரி, இன்று எரிவாயு. (அரபியில் முதல் அகராதி கண்ட இமாம் கலீல் மட்டும் விதிவிலக்கு. ஆளுநர் ஒருவர் அழைத்தபோது, உலர்ந்த ரொட்டித் துண்டைக் காட்டி, இது உள்ளவரை அவர் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினாராம்.)

அன்பரின் கூற்றுக்கு வருவோம். கத்தாரின் வடக்கே கடலுக்கடியிலுள்ள அந்த வாயுப் படுகை 1971 இல் கண்டறியப்பட்டது. அந்நாடு சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டுதான். ஆனால் அது ஈரானும் பங்கு கொண்ட படுகை. ரஷ்யாவிடம் இருக்கும் வாயுவோ கத்தாரினுடையதை விட அதிகம். காஸ் மட்டுமே மதிப்பைத் தருமானால் மூவரும் ஒரே வகையாக மதிக்கப்பட வேண்டும். வேறுபாடு எங்கே? வாயுவைச் சுழியத்துக்குக் கீழ் 162 பாகை வரை குளிர்வித்தால் அது திரவமாகி அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கப்பலில் ஏற்றி எங்கும் விற்கலாம். அண்டை நாட்டின் குழாயை நம்ப வேண்டியதில்லை. 1995 இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஷைக் ஹமத் இவ்வழியில் பெரும் கடன் வாங்கி முதலிட்டார். 1996 இறுதியில் முதற்கப்பல் ஜப்பானுக்குப் புறப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி அல் ஜஸீரா தொலைக்காட்சி ஒலிக்கத் தொடங்கியது. பொருளும் சொல்லும் ஒரே ஆண்டில் கடல் கடந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2010 இல் ஆண்டுக்கு 770 லட்சம் டன் திரவமாக்கும் திறன் எய்தியது. நம் நாட்டுக்கும் 2004 முதல் ஆண்டுக்கு 75 லட்சம் டன் என்ற ஒப்பந்தப்படி குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்துக்கு அது வந்தது. 2024 இல் அவ்வொப்பந்தம் 2048 வரை நீட்டிக்கப்பட்டது. 2022 ஜூன் 5 ஆம் தேதி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய இழிசொல்லுக்காக இந்தியத் தூதரை அழைத்து கத்தார் கண்டனம் தெரிவித்த செய்தியை நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் பேசினார்கள். சுமார் மூன்று லட்சம் குடிமக்களே உள்ள நாடு அது.

எனினும், அகராதியைப் புகழ்ந்துவிட்டு எழுந்துவிடுதல் திறனாய்வாகாது. லிஸானில் அஸ்ஹரியும் ஜவ்ஹரியும் வாதிடும் குரல் கேட்கும்; புதிய அகராதியில் ஆண்டுகள் வரிசையாக நிற்கின்றன, குரல் இல்லை. இது சிறு குறை. பெருங்குறை அகராதிக்கு வெளியே இருக்கிறது. துனீஸிய எழுச்சியைப் பாடிய முஹம்மத் அல் அஜமீ என்ற கத்தார்க் கவிஞர் 2011 நவம்பரில் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை. பின்னர் அது 15 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. மன்னிப்புப் பெற்று அவர் வெளிவந்தது 2016 மார்ச்சில். அரபுச் சொற்களின் வரலாற்றை எழுத அறிஞர்கள் தோஹாவில் கூடிய 2013 மே மாதத்தில், அரபுச் சொற்களைக் கோத்த குற்றத்துக்காக ஒருவர் அந்நகரத்துச் சிறையில் இருந்தார். பிற நாட்டு ஆட்சியாளரைச் சாடும் உரிமையை அல் ஜஸீராவுக்குக் கொடுத்த கை, தன்னைச் சாடிய நாவைப் பூட்டியது. அகராதியைப் பயன்படுத்தும் நாம் இதனை மறந்துவிட இயலாது. அதற்காக அகராதியை மூடி வைக்கவும் நாம் உடன்படோம். கவிஞர் சிறைப்பட்டதால் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் சான்று பொய்யாகிவிடாது.

வியப்பு இன்னொன்று. ஷார்ஜாவும் இதே பணியை மேற்கொண்டு 127 தொகுதிகளை 2024 இல் நிறைவு செய்தது. ஒரே மொழிக்கு ஒரே வகை வரலாற்று அகராதி இரண்டு! போட்டியினால் கல்விக்கு நன்மை விளைந்தால் நமக்கென்ன என்று ஒருபுறம் தோன்றினாலும், நம் வீட்டை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோரின் அரபுத் தமிழுக்கு இவ்வாறு ஒரு வரலாற்று அகராதி உண்டா? தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993 இல் வெளியிட்ட பெருநூல் அந்த இலக்கியத்தின் பரப்பைக் காட்டிற்று. சொற்களைத் தேதியிட்டுத் தொகுப்பது அதற்கு அடுத்த வேலை. கீழக்கரை வணிகச் செல்வம் சீதக்காதியின் கைவழியே உமறுப் புலவரைச் சேர்ந்தது. அவர் மறைந்த பின்னும் அபுல் காசிம் மரைக்காயர் அக்கடமையை ஏற்றார். வாயு வயல் ஏதும் அவர்களிடம் இருக்கவில்லை. நம் தலைமுறையோ வளைகுடாவிலிருந்து நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகப் பணம் அனுப்பியது. வீடுகளும் திருமண மண்டபங்களும் பள்ளிவாசல் மினாராக்களும் உயர்ந்தன; அவற்றைக் குறை கூற நாம் வரவில்லை. வெயிலில் ஈட்டிய பொருளை எதற்குச் செலவிடுவது என்று உழைத்தவர்க்குப் பாடம் நடத்தும் தகுதியும் நமக்கில்லை. ஆயினும் அதில் நூற்றில் ஒரு பங்கு கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சென்றிருந்தால், இன்று கரையான் தின்றது போக மிச்சம் கிடைத்திருக்கும்.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அந்த அன்பருக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் கூறினோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், “ஹஜ்ரத், எங்கள் வாப்பாவின் பெட்டியில் அரபு எழுத்தில் ஏதோ தமிழ் வைத்தியக் குறிப்பு இருக்கிறது. எங்களில் எவருக்கும் வாசிக்கத் தெரியாது. நீங்கள் வந்து பார்ப்பீர்களா?” என்றார். வரும் வியாழக்கிழமை, கைப்பேசியும் கையுமாக இருக்கும் அந்த மாணவரையும் அழைத்துக்கொண்டு, இன்ஷா அல்லாஹ், மீண்டும் இராசபாளையம் செல்கிறோம்.